ரஷ்யன் படிக்கலாமா? ஒரு பி.காம். கணக்கு!

பையன் ப்ளஸ் டூ முடித்ததும் நம் வீடுகளில் கேட்கப்படுகிற கேள்விகள் மொத்தம் மூன்றுதான். இன்ஜினீயரிங்கா? மெடிக்கலா? இல்லை, சும்மாவா? பி.ஏ., பி.காம். எல்லாம் அந்த 'சும்மா'வில் அடக்கம். (அடியேன் பி.காம்.!)

இந்தச் சூழ்நிலையில் ஒரு பையன், "நான் யுனிவர்சிட்டியில ரஷ்யன் படிக்கப் போறேன்" என்று சொன்னால் என்ன ஆகும்? அப்பா ஜாதகத்தைத் தேடுவார். அம்மா, "யாருடா உன்னைக் கெடுத்தது?" என்பார். பாட்டி மட்டும் நிதானமாக, "அங்கே இட்லி கிடைக்குமாடா?" என்று விசாரிப்பார்.

மூன்றுமே நியாயமான கவலைகள். மூன்று, நான்கு வருஷமும் கொஞ்சம் பணமும் போடுகிற சமாச்சாரம். ஆகவே உணர்ச்சிவசப்படாமல் ஐந்தொகை போட்டுப் பார்த்துவிடுவோம். வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம். இந்தக் கணக்கை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஆபீஸ் முடிந்து, சென்னை கஸ்தூரி ரங்கா சாலையில் இருக்கிற ரஷ்ய கலாசார மையத்து மொழி வகுப்புக்கு ஒன்றரை வருஷம் போனவன். மாஸ்கோவில் என்னை இறக்கிவிட்டால் டீ வாங்கிக் குடித்துவிட்டு, வழி கேட்டு, தப்பான பஸ்ஸில் ஏறும் அளவுக்கு ரஷ்யன் தெரியும்.

பயம் தெளிய...

முதலில் எழுத்து. மொத்தம் 33. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை எட்டு வயசுக்குள் முழுங்கிய நமக்கு இது ஜுஜுபி. ஒரு வாரம் போதும். என்ன, சில எழுத்துகள் ஆங்கிலம் மாதிரி வேஷம் போட்டு ஏமாற்றும். 'பி' மாதிரி இருப்பது 'ர'. 'ஹெச்' மாதிரி இருப்பது 'ந'. 'சி' மாதிரி இருப்பது 'ஸ'. ஆகவே முதல் தடவை போகிறவர்கள் கடை வாசலில் போர்டைப் பார்த்து, "அதென்ன ஸார், ஊர் பூரா 'பெக்டோபா'ன்னு எழுதி வெச்சிருக்கான்?" என்பார்கள். அது 'ரெஸ்தரான்'. சாப்பாட்டுக் கடை!

அடுத்து இலக்கணம். 'ரஷ்யன் பயங்கரம்' என்று ஆங்கிலேயர்கள் அலறுவதைக் கேட்டு நாமும் பயந்து வைத்திருக்கிறோம். அவர்கள் அலறுவதற்குக் காரணம் வேற்றுமை. ரஷ்யனில் ஆறு வேற்றுமைகள் உண்டு. பெயர்ச்சொல்லின் வால் ஒவ்வொன்றுக்கும் மாறும். பிரம்படிக்குப் பயந்து ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஒப்பித்த நமக்கு ஆறு என்ன பிரமாதம்? நம்மிடம் எட்டு இருக்கிறது.

இன்னும் கேளுங்கள். 'நான் மாணவன்' என்பதில் ஆங்கிலக்காரனுக்கு நடுவில் ஒரு 'ஆம்' வேண்டும், பின்னால் ஒரு 'ஏ' வேண்டும். தமிழில் இரண்டும் கிடையாது. ரஷ்யனிலும் கிடையாது. 'யா ஸ்துதியென்ட்'. நான் மாணவன். முடிந்தது. 'எனக்குக் குளிருது' என்கிறோம் இல்லையா? ரஷ்யனிலும் 'எனக்கு'தான் குளிரும். வயசு சொல்லும்போதும் 'எனக்கு' முப்பது. 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பதை அவர்களும் அப்படியேதான் கட்டுகிறார்கள். நீ, நீங்கள் வித்தியாசமும் உண்டு. மானேஜரை 'நீ' என்று கூப்பிட்டால் அங்கேயும் இன்க்ரிமென்ட் கட்!

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது இனிஷியல். ரஷ்ய நாவலை எடுத்தவர்கள் பத்தாம் பக்கத்தில் கீழே வைப்பதற்குக் காரணம் பெயர்கள். ஒரே ஆளை மூன்று பெயரில் கூப்பிடுவார்கள். நடுவில் வருவது அப்பா பெயர். லேவ் நிகலாயெவிச் டால்ஸ்டாய் என்றால் நிகலாய் மகன் லேவ், குடும்பப் பெயர் டால்ஸ்டாய். நம்மூரில் பிறந்திருந்தால் என். லேவ் என்று ரேஷன் கார்டில் இருந்திருப்பார். அப்பா பெயரை முதுகில் சுமந்து திரிகிற ஜாதி நாம். நமக்கு இது புரியாமல் யாருக்குப் புரியும்?

சலுகை இல்லாத இடம்

ஆஹா, சுலபம் என்று கிளம்பிவிடாதீர்கள். பற்றுப் பக்கத்தையும் எழுத வேண்டுமே!

உயிரில்லாத மேஜை அங்கே ஆண். புத்தகம் பெண். ஜன்னல் இரண்டும் இல்லை. ஏன் என்று கேட்கக் கூடாது. நடந்து போவதற்கு ஒரு வினைச்சொல், வண்டியில் போவதற்கு இன்னொன்று. ஒரு திசையில் ஒரு முறை போவதற்கு ஒன்று, தினமும் போய்ப் போய் வருவதற்கு வேறொன்று. தாம்பரத்திலிருந்து பீச்சுக்குத் தினம் போய் வருகிறவர், 'போகிறேன்' என்று சொல்வதற்குள் வண்டி சைதாப்பேட்டை தாண்டிவிடும். 'படித்தேன்' என்பதற்கும் 'படித்து முடித்துவிட்டேன்' என்பதற்கும் இரண்டு தனித்தனி வினைகள். தப்பாகச் சொன்னால் நீங்கள் முடித்தீர்களா, பாதியில் தூங்கினீர்களா என்பதே மாறிவிடும்.

அழுத்தம் இன்னொரு தலைவலி. 'ஸாமக்' என்று முதல் அசையை அழுத்தினால் கோட்டை. 'ஸமோக்' என்று இரண்டாவதை அழுத்தினால் பூட்டு. எழுத்தில் இரண்டும் ஒன்றே. கோட்டையை வாங்கப் போய் பூட்டோடு திரும்பலாம்.

யுனிவர்சிட்டி எதற்கு?

அதற்குத்தான். 'முப்பது நாளில்' வகைப் புத்தகங்கள் பஸ் ஸ்டாண்டில் ரயில் பிடிக்கும் அவசரத்துக்கு உதவும். ரஷ்யன் அப்படி மடிகிற பாஷை இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குப் பாஷை சொல்லித்தர ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறது. ஆங்கிலம் பேசுகிறவர் ரஷ்யனில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற, அவர்கள் போட்டிருக்கும் கணக்கு சுமார் 1,100 வகுப்பு மணி நேரம். (தமிழும் அதே வரிசையில்தான் இருக்கிறது. காலரைத் தூக்கிக்கொள்ளலாம்.)

இப்போது என் கணக்கு. சாயங்கால வகுப்பு வாரத்துக்கு நான்கு மணி நேரம். 1,100-ஐ நாலால் வகுத்தால் 275 வாரம். தீபாவளி, பொங்கல், ஆடிட் என்று எதற்குமே லீவு போடாமல் போனாலும் ஐந்து வருஷத்துக்கு மேல். அதுவும் ஆபீசில் சக்கையாகப் பிழியப்பட்டு, பாதித் தூக்கத்தில். நமக்குத் தமிழ் கொடுக்கிற சலுகையைக் கழித்தாலும் நாலு வருஷம்.

கல்லூரியில் வாரம் 15 மணி நேரம், வருஷத்துக்கு 30 வாரம் என்று வையுங்கள். வருஷத்துக்கு 450. மூன்று வருஷத்தில் 1,350. பாஷைக்கு விலை காசில்லை ஸார், நேரம். அந்த நேரத்தை மொத்த விலையில் விற்கிற ஒரே கடை யுனிவர்சிட்டி. வேலைக்குப் போன பிறகு எல்லாம் சில்லறை விலைதான்.

"செல்போனே மொழிபெயர்க்குதே, எதுக்கு அவஸ்தை?" என்பீர்கள். மெனு கார்டுக்கு செல்போன் போதும். எதிரே இருப்பவர் சொன்னது சம்மதமா, சமாளிப்பா என்று அது சொல்லாது. தப்பு வந்தால் கோர்ட்டுக்கும் அது வராது.

வரவுப் பக்கம்

வேலை? இருக்கிறது. நாம் நினைப்பதைவிடப் பக்கத்தில்.

கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு ஒப்பந்தம் 1988-ல். முதல் யூனிட்டிலிருந்து மின்சாரம் வந்தது 2013-ல். பல வருஷம் ரஷ்ய வரைபடங்களும் ரஷ்ய எஞ்சினீயர்களும் திருநெல்வேலிப் பக்கம் இருந்தார்கள் என்றால், நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்ட ஆள் வேண்டாமா? ஆவடியில் டி-72 டாங்கிகள் செய்தார்கள், டி-90 செய்கிறார்கள். தஞ்சாவூர் விமானத் தளத்தில் 2020 முதல் சுகோய்-30 நிற்கிறது. 1998-ல் பிறந்த பிரம்மோஸ் ஏவுகணையின் பெயரே பிரம்மபுத்திராவும் மாஸ்க்வா நதியும் கலந்த கூட்டுவட்டி.

1984-ல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனது சோவியத் ராக்கெட்டில். அதற்காக ரஷ்யன் கற்றார். ககன்யானுக்காகத் தேர்வான நான்கு விமானப்படை அதிகாரிகளும் 2020-லிருந்து 2021 வரை மாஸ்கோ அருகே பயிற்சி எடுத்தார்கள். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.

மருத்துவம் படிக்க ரஷ்யா போகிற நம் பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு. பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம். வார்டில் படுத்திருக்கும் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாதே! "எங்கே வலிக்குது?" என்று ரஷ்யனில் கேட்கத் தெரியாதவன் எப்படி டாக்டர் ஆவான்?

இனி என் பேட்டைக்கு வருகிறேன். 2024-25 நிதியாண்டில் இந்தியா-ரஷ்யா வர்த்தகம் சுமார் 68.7 பில்லியன் டாலர். பிரமாதம் என்று கைதட்டுவதற்கு முன் பிரித்துப் பாருங்கள். நாம் விற்றது ஐந்து பில்லியனுக்கும் குறைவு. மீதி எல்லாம் வாங்கியது. முக்கால்வாசி கச்சா எண்ணெய். காமர்ஸ் முதல் வருஷத்தில் சொல்லித் தராத பாடம் ஒன்று உண்டு. வாங்குகிறவன் எந்த பாஷையில் பேசினாலும் சரக்கு வரும். விற்கிறவனுக்குத்தான் வாடிக்கையாளர் பாஷை வேண்டும். நம் பக்கம் ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்கிறவனுக்கு வேலை இருக்கிறது. மருந்து, டீ, துணி, இயந்திரம் விற்க ஆள் வேண்டும். சென்னை-விளாதிவஸ்தோக் கப்பல் பாதைக்கு 2019-ல் ஒப்புக்கொண்டார்கள். சூயஸ் வழியாக ஐரோப்பிய ரஷ்யாவுக்கு 40 நாள் என்றால், இதில் 24 நாள்தான் என்று கணக்கு.

ரஷ்யன் ஒரு நாட்டுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. பெலாரஸ், கஜகஸ்தான், கிர்கிஸ்தானிலும் ஆட்சி மொழி அந்தஸ்து உண்டு. ஐ.நா.வின் ஆறு மொழிகளில் ஒன்று.

பற்றுப் பக்கம்

போதும், வரவிலேயே மயங்கக் கூடாது. தேய்மானம் என்று ஒன்று இருக்கிறது.

1971-ல் நட்புறவு ஒப்பந்தம் போட்டதற்கு அப்புறம் இங்கே ரஷ்யன் படித்தவர்களுக்கு ராஜயோகம். 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் என்ற கம்பெனியே மூடப்பட்டது. ரூபாய்-ரூபிள் வியாபாரம் குழம்பியது. மாஸ்கோவில் தமிழ்ப் புத்தகம் அச்சடிப்பது நின்றது. நேற்று வரை தங்கமாக இருந்த படிப்பு, ஒரே இரவில் பித்தளை. மறுபடி மெள்ள எழுந்து வந்தபோது, 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. முக்கிய ரஷ்ய வங்கிகள் ஸ்விஃப்ட் வலையிலிருந்து விலக்கப்பட்டன. மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் அங்கே கடையைக் கட்டின. மேல்நாட்டுக் கம்பெனிகளில் ரஷ்யன் தெரிந்த ஆட்களுக்கு இருந்த இடங்களும் அதோடு போயின.

இதிலிருந்து தெரிவது: இந்தப் பாஷையின் மார்க்கெட் விலையை நிர்ணயிப்பது நீங்களும் இல்லை, உங்கள் மார்க்கும் இல்லை. இரண்டு தலைநகரங்களில் இருக்கிற நாலைந்து பேர். 'இப்போ ரஷ்யாவுக்கு நல்ல டைம்' என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காகச் சேராதீர்கள். நீங்கள் முடித்து வரும்போது டைம் மாறியிருக்கும்.

தப்பிக்க ஒரே வழி, ரஷ்யனைத் தனியாக விடாமல் ஒரு துணையோடு சேர்ப்பது. ரஷ்யனும் கணக்கியலும். ரஷ்யனும் சட்டமும். ரஷ்யனும் கம்ப்யூட்டரும். ஒன்று படுத்தால் இன்னொன்று சோறு போடும்.

ஒரு கையெழுத்தின் விலை

இது தமாஷ் இல்லாத பகுதி.

2023-லும் 2024-லும் நம் நாட்டு இளைஞர்கள் பலரை 'உதவியாளர் வேலை, நல்ல சம்பளம்' என்று ஏஜென்ட்டுகள் ரஷ்யாவுக்குக் கூட்டிப் போனார்கள். போன பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார்கள். அது ரஷ்யனில் இருந்தது. படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டார்கள். சேர்ந்த இடம் ராணுவம். 2024 மார்ச்சில் சி.பி.ஐ. ஏழு நகரங்களில் சோதனை போட்டது. அந்தப் பட்டியலில் சென்னையும் மதுரையும் இருந்தன. அந்த ஜூலையில் பிரதமர் மாஸ்கோ போனபோது இந்தப் பேச்சை எடுத்தார். 2025 ஜனவரியில் வெளியுறவுத் துறை சொன்ன கணக்கு: தெரிய வந்தவர்கள் 126 பேர். இறந்தவர்கள் 12. காணாமல் போனவர்கள் 16.

எல்லோரும் உங்களையும் என்னையும் போல மாசக் கடைசிக்குப் பயந்தவர்கள்தான். அவர்கள் எல்லாரும் பி.ஏ. ரஷ்யன் படித்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஊரில் யாராவது ஒருவர், பக்கத்துத் தெருவில் ஒருவர், அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்து "தம்பி, இதுல கையெழுத்துப் போடாதே" என்று சொல்லத் தெரிந்தவர் இருந்திருந்தால்? ஒரு வாட்ஸ்அப் போட்டோ அனுப்பினால் போதுமே! ஐந்தொகையில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் வரவில்தான் எழுதுவேன்.

குட்வில்

கடைசியாக, கையில் பிடித்துப் பார்க்க முடியாத சொத்து. கணக்குப் புத்தகத்தில் இதற்கு 'குட்வில்' என்று பெயர்.

நம் அப்பாக்கள் தலைமுறைக்கு மாஸ்கோவிலிருந்து தமிழிலேயே புத்தகம் வந்தது. முன்னேற்றப் பதிப்பகம் போட்டது, கெட்டி அட்டை, சொற்ப விலை. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றவர்கள் அந்த வேலையைச் செய்தார்கள். அவர்களால்தான் கிர்கிஸ்காரரான ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' நம் பள்ளி வாத்தியார்களின் அலமாரியில் இருந்தது. 2003-ல் எஸ்.பி. ஜனநாதன் எடுத்த 'இயற்கை' படத்துக்கு வித்து, தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்'. சதுரங்கத்தில் விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகிய டால் செஸ் கிளப், சென்னையில் சோவியத் கலாசார மையத்தில்தான் நடந்தது. (ஒரு எச்சரிக்கை: நாம் யானை என்கிற ரூக் அவர்களுக்குப் படகு. அவர்களுக்கு யானை என்றால் பிஷப். பந்தயம் கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளவும்.)

இன்றைக்கு நமக்குக் கிடைக்கிற ரஷ்ய இலக்கியத்தில் நிறைய, ஆங்கிலம் வழியாகச் சுற்றி வருகிறது. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு பெங்களூர் வழியாகப் போகிற மாதிரி. ஊர் வந்து சேரும், வழியில் என்னென்ன இறங்கிப் போயிற்று என்று தெரியாது. நேரடி பஸ் ஓட்ட ஆள் தேவை.

அந்தப் பக்கத்திலிருந்து ஓட்டினார்கள் என்பதுதான் விஷயம். 1960-லேயே பியாதிகோர்ஸ்கியும் ரூதினும் தமிழ்-ரஷ்ய அகராதி ஒன்றை மாஸ்கோவில் வெளியிட்டுவிட்டார்கள். அலெக்சாண்டர் துபியான்ஸ்கி என்ற பேராசிரியர், மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் தமிழ் சொல்லிக் கொடுத்தார். சங்கப் பாட்டில் ஆராய்ச்சி செய்தார். 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டுக்கு வந்தார். 2020 நவம்பரில் கொரோனாவில் காலமானார். 'தமிழ் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?' என்று அவர் வீட்டிலும் யாராவது கேட்டிருக்கலாம். பனி கொட்டுகிற ஊரில் உட்கார்ந்து குறிஞ்சி, முல்லை என்று ஒரு மனிதர் ஆயுளைச் செலவழித்திருக்கிறார். பதிலுக்கு நம் பக்கம் எத்தனை பேர்? இந்தக் கடன் இன்னும் நேராகவில்லை.

எங்கே, எப்படி?

டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் ரஷ்யன் உண்டு. 1965-ல் தனி நிறுவனமாக ஆரம்பித்து, பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த துறை. 'க்யூட்' நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். முன்னால் ரஷ்யன் தெரிந்திருக்க அவசியமில்லை. டெல்லி பல்கலைக்கழகத்திலும், ஹைதராபாத் ஆங்கில மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் துறைகள் இருக்கின்றன. ரஷ்ய அரசு ஸ்காலர்ஷிப்பில் அங்கேயே போய்ப் படிக்கலாம். கல்விக் கட்டணம் கிடையாது. டிக்கெட்டும் சாப்பாடும் உங்கள் செலவு. முதல் வருஷம் முழுக்க மொழி ஆயத்தம். எதுவானாலும் ஏஜென்ட் பேச்சை நம்பாமல், பல்கலைக்கழகத்திடமே நேராக விசாரிக்கவும். ஏன் என்று மேலே படித்தீர்கள்.

அப்ளிகேஷன் போடுவதற்கு முன் உங்களுக்கு நீங்களே ஒரு பரீட்சை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம், 33 எழுத்து. ஒரு மாதம், ஆறு வேற்றுமை. நடுவே டால்ஸ்டாயின் ஒரு கதையைத் தமிழில் படியுங்கள். 'இதை அவர் எழுதினபடியே படித்தால் எப்படி இருக்கும்?' என்று ஒரு அரிப்பு வருகிறதா? வந்தால் சேருங்கள். வராவிட்டால் வருத்தப்படாதீர்கள். பி.காம். இருக்கவே இருக்கிறது!

சேர்கிறவர்கள் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வைக்கவும். மாஸ்கோவுக்கு இல்லை, டெல்லி டிசம்பருக்கே வேண்டும்.